மாற்றுத்திறனாளிகளோடு இயல்பாகப் பேசிப் பழக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சக்கர நாற்காலியில் ஒருவர் வகுப்பறைக்குள் வந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்வார்கள். வெறித்துப் பார்ப்பார்கள், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கேட்காமலே ஓடிப்போய் நாற்காலியைத் தள்ளுவார்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. "இரக்கமாக இரு" என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், ஆனால் என்ன பேசுவது, எப்போது கை கொடுப்பது, எப்போது சும்மா இருப்பது என்று யாரும் செய்துகாட்டியிருக்க மாட்டார்கள். நீச்சலைப் போல இதுவும் செய்து பழக வேண்டிய திறன். அறிவுரை கேட்டு வராது.

இந்தத் திட்டம் 8 முதல் 15 வயதுவரையுள்ள மாணவர்களுக்கானது. ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றும் 40 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு ஒன்று. டிசம்பர் 3, அதாவது உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் சுவரொட்டியும் பேச்சுப்போட்டியும் மிஞ்சும், பழக்கம் வராது. இரண்டு வகுப்புகளுக்கு இடையே உள்ள ஆறு நாள்தான் பிள்ளைகள் தெருவிலும் வீட்டிலும் கவனிக்கத் தொடங்கும் காலம்.

தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்

உங்கள் வகுப்பில் மாற்றுத்திறன் கொண்ட மாணவர் இருந்தால் முதல் வேலை அவரோடு தனியாகப் பேசுவது. பெற்றோரிடமும் பேசுங்கள், ஆனால் பெற்றோர் சம்மதித்ததால் பிள்ளையும் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்க வேண்டியவை மூன்று: உன்னைப் பற்றி வகுப்பில் பேசலாமா? பேசினால் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? அந்த நேரத்தில் வகுப்பில் இருக்க விரும்புகிறாயா? "வேண்டாம்" என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள்.

இங்கேதான் நல்ல எண்ணமுள்ள ஆசிரியர்கள் அதிகம் தவறுகிறார்கள். "இவளைப் பாருங்கள், எவ்வளவு தைரியம்" என்று நிற்கவைத்துச் சொன்னால் அவள் அன்றிலிருந்து வகுப்பின் கண்காட்சிப் பொருள். கைதட்டிய பிள்ளைகள் அவளை விளையாடக் கூப்பிட மாட்டார்கள்.

உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ஏதாவது ஒரு குறிப்பிடத்தக்க குறைபாடு உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வலிப்பு, ஒரு காதில் மட்டும் கேளாமை, எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா, நாள்பட்ட வலி ஆகியவை வெளியே தெரியாதவை. எனவே "நம் வகுப்பில் அப்படி யாரும் இல்லை" என்ற வாக்கியத்தை எந்த இடத்திலும் சொல்லாதீர்கள். வீட்டில் அப்படி ஒரு தம்பியோ பாட்டியோ உள்ள பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் வகுப்பு: அளவு நாடாவோடு தடையைத் தேடுதல்

நோயின் பெயர்களோடு தொடங்க வேண்டாம். பெயர்ப் பட்டியலோடு தொடங்கினால் "அவர்கள்" வேறு, "நாம்" வேறு என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடும். கட்டடத்தோடு தொடங்குங்கள்.

நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அளவு நாடாவும் ஒரு தாளும் கொடுங்கள். 25 நிமிடம் பள்ளியைச் சுற்றி அளக்கட்டும்.

வாசல்: கதவை முழுவதும் திறந்துவைத்து, திறந்த கதவின் முகப்பிலிருந்து எதிர்ப்புற நிலைச் சட்டம்வரை உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நிலையின் மொத்த அகலத்தை அளந்தால் கணக்குத் தவறும், ஏனென்றால் கதவின் தடிமனே சில செ.மீ. விழுங்கிவிடும். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போக 80 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். 90 இருந்தால் கை உரசாது.

படி: ஒவ்வொரு படியின் உயரம், மொத்தம் எத்தனை. சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. உயரமுள்ள ஒரே படிக்கு 180 செ.மீ. சாய்தளம் தேவை, அப்படி மூன்று படி என்றால் 5 மீட்டர் 40 செ.மீ. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். பலகையைச் சாய்த்துவைத்து "சாய்தளம் இருக்கிறது" என்று சொல்லப்படும் இடங்களில் சரிவை அளந்து பார்க்கும்போதுதான் அது வெறும் சறுக்குமரம் என்பது புரியும்.

திரும்பும் இடம்: கழிப்பறைக்குள் 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரையும் அளவுக்குத் தரை காலியாக இருக்கிறதா? அங்கே வாளியும் துடைப்பமும் வைத்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பல தடைகள் சிமெண்டால் ஆனவை அல்ல, யாரோ யோசிக்காமல் வைத்த பொருள்கள்.

இத்தோடு, கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரிகிறதா, மின்விசிறி இரைச்சலில் ஆசிரியர் குரல் எப்படிக் கேட்கிறது, அறிவிப்புகள் ஒலிபெருக்கியில் மட்டும் வருகின்றனவா, தாளில் மட்டும் ஒட்டப்படுகின்றனவா என்பவற்றையும் குறிக்கட்டும்.

மீதி 15 நிமிடத்தில் வாக்கியங்களைத் திருப்பி எழுதும் பயிற்சி. "அவளால் நூலகத்துக்குப் போக முடியாது" என்பதை "நூலகத்துக்குப் படி மட்டும்தான் இருக்கிறது" என்று மாற்ற வேண்டும். "அவனுக்கு அறிவிப்பு புரியாது" என்பது "அறிவிப்பை எழுதி ஒட்டவில்லை" ஆகும். குறையை ஆளிடமிருந்து எடுத்து இடத்தின்மேல் வைக்கிறோம். ஐந்து வாக்கியம் எழுதியதும் பிள்ளைகளுக்குச் சூத்திரம் பிடிபட்டுவிடும். அப்போது ஒரு எச்சரிக்கை தேவை: சாய்தளம் கட்டினால் வலியும் களைப்பும் போய்விடாது. உடம்பும் ஒரு உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கண்ணைக் கட்டும் விளையாட்டு வேண்டாம்

கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, காதில் பஞ்சு வைத்துக்கொள்வது போன்றவை பள்ளிகளில் பிரபலம். ஆனால் ஆய்வுகள் காட்டுவது வேறு: கண்ணைக் கட்டி நடந்தவர்கள், பார்வையற்றோர் தனியாக வாழவும் வேலை செய்யவும் முடியும் என்பதை முன்பைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். காரணம் எளிது. கண் கட்டப்பட்ட பிள்ளை அனுபவிப்பது பார்வை போன முதல் ஐந்து நிமிடத்தின் திகைப்பை. வெண்கோலோடு பத்து வருடம் நடந்தவரின் பழக்கம் அந்த ஐந்து நிமிடத்தில் வராது. பயமும் பரிதாபமும்தான் வரும்.

மாற்றாகத் திறனைக் காட்டுங்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானைக் கைபேசியில் இயக்கி, அது வாசிக்கும் வேகத்தைக் கேட்கவிடுங்கள். பழகியவர்கள் அதை எவ்வளவு வேகமாக வைத்துக் கேட்கிறார்கள் என்பது பிள்ளைகளை அசரவைக்கும். விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயிலில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி, அவற்றை வைத்து 63 வடிவங்கள் அமையும். ஏன் 63 என்பதைக் கணக்காகக் கேளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம். ஆகவே இரண்டின் ஆறாம் அடுக்கு 64, அதில் வெற்றுக் கட்டம் ஒன்று போக 63. பிரெயில் தனி மொழி இல்லை, எழுத்துமுறை என்பதையும், தமிழையும் அதில் எழுதலாம் என்பதையும் சொல்லுங்கள். சைகை மொழி அதற்கு நேர்மாறு: அது சொந்த இலக்கணம் கொண்ட முழு மொழி, உலகெங்கும் ஒன்றாக இருப்பதும் இல்லை, முந்நூறுக்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உண்டு.

இரண்டாம் வகுப்பு: சொற்கள்

கரும்பலகையில் தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியல் போட்டால் இடைவேளைக்குள் அதுவே புதிய வசவுப் பட்டியலாகிவிடும். வகுப்பை வேறு விதமாக நடத்துங்கள்.

முதலில், எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும் என்பதை அந்த ஆளே முடிவுசெய்கிறார் என்பதை நிலைநாட்டுங்கள். "மாற்றுத்திறனாளி" என்ற சொல் பழைய "ஊனமுற்றோர்" இருந்த இடத்தைப் பிடித்துவிட்டது, பொதுவாக அதைப் பயன்படுத்தலாம். ஆனால் சிலர் "பார்வையற்றவர்" என்று நேராகச் சொல்வதையே விரும்புவார்கள். காது கேளாதோர் பலர் தங்களை ஒரு மொழிச் சமூகமாகவே பார்க்கிறார்கள், குறை என்ற பேச்சே அவர்களுக்குப் பிடிக்காது. பெரும்பாலான நேரம் பெயர் போதும். குறைபாட்டைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்து, தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்: விகுதி. "கண் தெரியாதவன்", "கண் தெரியாதவர்" இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். நாற்பது வயதுக்காரரை எல்லோரும் "சார்" என்பார்கள், அவர் தாங்குகட்டையோடு வந்தால் அதே வாய் "வாப்பா, உட்காரு" என்று சொல்லும். மரியாதை எங்கே விழுந்தது என்று கேளுங்கள். அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் மழலையில் பேசுவதும் இதே கணக்குதான். சொற்களை எளிமையாக்கலாம், வாக்கியத்தைச் சுருக்கலாம். ஆளின் வயதைக் குறைக்கக் கூடாது.

பிறகு "பாவம்". இதையும், கூடவே வரும் உச்சுக் கொட்டலையும் பற்றிக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், சொல்பவர் அன்பாகவே சொல்கிறார். கேட்பவருக்கோ தன் வாழ்க்கை முழுவதும் ஒரே சொல்லில் துக்கமாக முடிக்கப்பட்டதுபோல் இருக்கும். "பாவம்" என்று சொல்லத் தோன்றும் இடத்தில் வேறு என்ன பேசலாம் என்று ஒவ்வொரு குழுவும் மூன்று வாக்கியம் எழுதட்டும். "எந்தப் பள்ளி?", "மழை வரும்போல இருக்கே" போன்ற சாதாரண வாக்கியங்கள் வந்தால் வகுப்பு வெற்றி.

பழமொழிகளைப் பற்றிக் கேள்வி வரும். "செவிடன் காதில் ஊதிய சங்கு", "நொண்டிச் சாக்கு", "குருட்டு அதிர்ஷ்டம்" எல்லாம் தப்பா? எங்கள் கருத்து: ஆளை நோக்கி எறியப்படும் சொற்களை முதலில் நிறுத்துங்கள். "டேய் செவிடா", "லூசு" போன்றவை தினமும் வகுப்பில் பறக்கின்றன; சண்டை அங்கேதான் தேவை. பழமொழியைப் பொறுத்தவரை, "நொண்டிச் சாக்கு" என்பதற்குப் பதில் "சாக்குப்போக்கு" என்றாலே பொருள் குறையாமல் வந்துவிடுகிறதே என்று காட்டினால் போதும். "ஊமை வெயில்" என்று எழுதிய பிள்ளையைத் திருத்திக்கொண்டிருந்தால் முக்கியமானதும் கேலிக்குள்ளாகும்.

மூன்றாம் வகுப்பு: வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல்

இதற்கு ஒன்றரை வகுப்புகூட ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை நான்கு அடி:

1. கேள்: "உதவி வேணுமா?"
2. காத்திரு. பதில் வரும்வரை கை நீளக் கூடாது.
3. "ஆமாம்" என்றால் "எப்படிச் செய்யட்டும்?" என்று கேள்.
4. சொன்னதை மட்டும் செய். "வேண்டாம்" என்றால் "சரி" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

நான்காவதில்தான் பிள்ளைகள் தடுக்கிவிழுவார்கள். "பரவாயில்ல, நான் பண்றேன்" என்று வற்புறுத்துவார்கள், இல்லையென்றால் மனம் புண்பட்டு ஒதுங்குவார்கள். எனவே ஜோடியாக நிற்கவைத்து "வேண்டாம், நன்றி" என்று சொல்லும் பக்கத்தையும் "சரி" என்று ஏற்கும் பக்கத்தையும் ஐந்து ஐந்து முறை சொல்லவையுங்கள். யாரும் குறைபாட்டை நடித்துக்காட்ட வேண்டியதில்லை. புத்தகக் கட்டைத் தூக்கிவரும் தோழனிடம் பழகினாலே போதும்.

*பார்வையற்றவரோடு:* அருகில் வந்ததும் பெயர் சொல்ல வேண்டும். "நான் யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்பது கொடுமையான விளையாட்டு. பேச்சை முடித்துப் போகும்போதும் "நான் கிளம்புறேன்" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். வழிகாட்டும்போது அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார், அரை எட்டு பின்னால் வருவார். உங்கள் உடல் அசைவே அவருக்குச் செய்தி. படி வந்தால் நின்று, "ஏறும் படி" அல்லது "இறங்கும் படி" என்று சொல்லுங்கள். வெறும் "பார்த்து!" என்றால் மேலா கீழா, வலமா இடமா என்று ஒன்றும் தெரியாது. குறுகிய இடத்தில் உங்கள் கையை முதுகுப்பக்கம் மடக்கினால் அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். நாற்காலியில் தள்ளி உட்காரவைக்காமல், அவர் கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். வகுப்பில் பழகும்போது வழிநடத்தப்படுபவர் கண்ணை மூட வேண்டாம், ஏனென்றால் பயிற்சி வழிகாட்டுபவருக்கு.

*காது கேளாதவரோடு:* தோளை லேசாகத் தொட்டோ, கண்ணில் படும்படி கையசைத்தோ கூப்பிடலாம். முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலாகிவிடும். கத்தினால் உதட்டின் வடிவமே மாறிப்போகும். உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையை உடைக்க ஒரு சிறு சோதனை: ஒரு பிள்ளை குரலில்லாமல் "பணம்" என்றோ "மணம்" என்றோ சொல்லட்டும், மற்றவர்கள் எது என்று சொல்லட்டும். "பாடு–மாடு", "பாலை–மாலை" என்று தொடருங்கள். ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றே. "க"வோ தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. புரியாதபோது அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வதோ, எழுதிக்காட்டுவதோ வேலை செய்யும். சைகை மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தாலும் பார்வை, பேச்சு இரண்டும் காது கேளாதவரை நோக்கியே இருக்கட்டும். "ஒண்ணுமில்ல, விடு" என்ற பதிலை மட்டும் எப்போதும் தராதீர்கள். காது கேளாதவர்களை அதிகம் நோகடிக்கும் சொல் அது.

*சக்கர நாற்காலியில் இருப்பவரோடு:* நாற்காலி அவர் உடம்பின் நீட்சி. அதன்மேல் சாய்வது அவர் தோளில் சாய்வதற்குச் சமம். ஓரிரு நிமிடத்துக்கு மேல் பேசினால் நீங்களும் ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் அண்ணாந்து பேசி அவருக்குக் கழுத்து வலிக்கும்.

*திக்கிப் பேசுபவரோடும், படப் பலகையோ கருவியோ வைத்துப் பேசுபவரோடும்:* இங்கே திறன் என்பது காத்திருப்பதே. வாக்கியத்தை முடித்துக்கொடுக்காதீர்கள். "மெதுவா, பதறாம சொல்லு" என்பதும் உதவாது, திக்கல் பதற்றத்தால் மட்டும் வருவதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்துவரை எண்ணும் பயிற்சியை வகுப்பில் செய்துபாருங்கள். நான்காவது எண்ணிலேயே யாராவது சிரிப்பார்கள். அந்த அமைதி தாங்க முடியாதது என்று தெரிவதே பாதிப் பாடம்.

*ஆட்டிசம் உள்ளவரோடு:* கண்ணைப் பார்க்கவில்லை என்பதற்காகக் கவனிக்கவில்லை என்று பொருளில்லை. சிலருக்குக் கண்ணைப் பார்த்தால்தான் கவனிக்க முடியாது. மறைபொருளாகப் பேசாமல் நேராகச் சொல்லுங்கள். "காது குத்தாதே" என்று சொன்னால் காதைத் தொட்டுப் பார்ப்பவரும் இருப்பார். இரைச்சலும் திடீர் மாற்றமும் பலருக்குக் கடினம் என்பதால், திட்டம் மாறினால் முன்கூட்டியே சொல்வது பெரிய உதவி.

இந்த வகுப்பில் வலிப்புக்கான முதலுதவியையும் சேர்த்துவிடுங்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைப்பது, கூரான பொருள்களை நகர்த்துவது, நேரம் பார்ப்பது, அசைவு அடங்கியதும் ஒருபக்கமாகப் படுக்கவைப்பது. பிடித்து அமுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர ஊர்தி. வலிப்பு தெளியும்போது சுற்றிக் கூட்டம் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நேரும் பெரிய அவமானம், எனவே கூட்டத்தைக் கலைப்பதும் முதலுதவியே.

நான்காம் வகுப்பு: விருந்தினர்

"எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் புகழ்பெற்ற முழக்கம். அதன்படி, ஒரு வகுப்பாவது அவர்களில் ஒருவர் நடத்த வேண்டும். அழைக்கும்போது அவருடைய வேலையைப் பற்றிப் பேச அழையுங்கள். கணினி நிரலாளர் நிரலைப் பற்றியும், தையல் தெரிந்தவர் தையலைப் பற்றியும் பேசட்டும். குறைபாடு பற்றிய பேச்சு இடையில் தானாக வரும். போக்குவரத்துச் செலவும், மற்ற விருந்தினர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியமும் கொடுங்கள். அறை எந்தத் தளத்தில், கழிப்பறை எங்கே, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதை ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

ஊக்கமூட்டும் கதையாக்கும் ஆசையை அடக்குங்கள். சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014இல் ஒரு மேடைப் பேச்சில் இதைக் கிழித்துக்காட்டினார். அவருக்கு 15 வயதானபோது ஊர்க்காரர் ஒருவர் அவரைச் சாதனை விருதுக்குப் பரிந்துரைக்க விரும்பினாராம், பெற்றோர் கேட்டது, "நல்லது, ஆனால் அவள் ஒன்றும் சாதிக்கவில்லையே?" மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போய்வந்தார், அம்மாவின் முடிதிருத்தும் கடையில் வேலை செய்தார், அவ்வளவுதான்.

பிள்ளைகளின் கேள்விகளை முந்தின நாளே சீட்டில் எழுதி வாங்குங்கள். பிரிக்க ஒரே சோதனை: "இதே கேள்வியை நம் கணக்கு ஆசிரியரிடம் கேட்பாயா?" கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள், கல்யாணம் ஆகுமா போன்றவை அந்தச் சோதனையில் விழுந்துவிடும். எப்படி இப்படி ஆனது என்பதும் அதே வகைதான். விருந்தினரே சொல்ல முன்வந்தால் கேட்கலாம். சீட்டு எழுதிய பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த ஆர்வம் இயல்பானது, இடம்தான் தவறு.

ஐந்தாம் வகுப்பு: தவறு நேர்ந்தால்

இத்தனையும் கற்ற பிள்ளைக்கு ஒரு புதிய நோய் வரும்: தவறாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் பேசாமலே இருப்பது. பார்வையற்ற தோழியிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துடிப்பார்கள். அவளே நாளுக்குப் பத்து முறை அப்படிச் சொல்வாள் என்று புரியவையுங்கள். உண்மையிலேயே தவறு நேர்ந்தால் "மன்னிச்சுக்கோ" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சரியாகச் செய்து, பேச்சைத் தொடர வேண்டும். நீளமான மன்னிப்பு எதிராளியை ஆறுதல் சொல்லும் வேலைக்கு இழுத்துவிடும்.

கேலி நடக்கும்போது என்ன செய்வது என்பதையும் இங்கே பழகுங்கள். கேலி செய்பவனோடு மல்லுக்கு நிற்பதைவிட, கேலிக்குள்ளானவரின் பக்கத்தில் போய் நின்று "வா, போகலாம்" என்பது எளிது. எட்டு வயதுப் பிள்ளையாலும் முடியும். ஆசிரியரிடம் சொல்வது கோள் அல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கடைசி 15 நிமிடம் முதல் வகுப்பின் அளவுத்தாள்களுக்கு. தடைகளில் பிள்ளைகளே சரிசெய்யக்கூடியவை எவை? கழிப்பறை வாளியை நகர்த்துவது, அறிவிப்பைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுவது, பைகளை நடைபாதையில் போடாமலிருப்பது. மற்றவற்றைத் தலைமையாசிரியருக்கு அளவுகளோடு கடிதமாக எழுதட்டும். "சாய்தளம் வேண்டும்" என்பதைவிட "45 செ.மீ. உயரம், 5.4 மீட்டர் சாய்தளம் தேவை, கிழக்கு வாசலில் அதற்கு இடம் இருக்கிறது" என்ற கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

பலித்ததா என்று பார்ப்பது

தேர்வு வைக்காதீர்கள். தாளில் எல்லோரும் சரியாகவே எழுதுவார்கள். ஒரு மாதம் கழித்து இடைவேளையில் சும்மா நின்று கவனியுங்கள். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை எப்போது கூப்பிடுகிறார்கள்? கேட்காமல் நாற்காலியைத் தள்ளும் கை இன்னும் நீளுகிறதா? அந்தப் பிள்ளைக்கு நிரந்தர "உதவியாளன்" ஒருவனை வகுப்பு நியமித்திருக்கிறதா? அப்படி இருந்தால் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுங்கள். உதவியாளனாக மாறியவன் பெரும்பாலும் நண்பனாக இருப்பதில்லை. மாறாக, விளையாட்டில் அவுட்டா இல்லையா என்று அந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையும் சண்டை போடுவதைப் பார்த்தால் குறுக்கிடாமல் விட்டுவிடுங்கள், சமமாகப் பழகுகிறார்கள் என்று பொருள்.